கடைசியாக ஓடிவரும் பையன்

அன்புள்ள ஐயா,

கானாடுகாத்தான் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எங்களுக்கு விளையாட்டு ஆசிரியர் கிடையாது. மதிப்பெண் போட வேண்டுமே என்று பிள்ளைகளை 50 மீட்டர் ஓடவிட்டு நேரம் குறித்தேன். ஒரு பையன் எப்போதும் கடைசி. நேற்று வயிற்று வலி என்று சொல்லி வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு என்ன மதிப்பெண் போடுவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த வயிற்று வலி எனக்குப் பழக்கமானது. முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான்.

முதலில் கடிகாரத்தை எடுத்து வைத்துவிடுங்கள். ஒரே வகுப்பிலேயே பிள்ளைகளுக்குள் ஒரு வருடம் வரை வயது வித்தியாசம் இருக்கும். யார் வேகம் என்று மட்டும்தான் கடிகாரம் சொல்லும், எதைச் சொல்லித்தர வேண்டும் என்று சொல்லாது. அவன் ஓடும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். முழங்கை மடங்கி, கால்களுக்கு எதிர்ப்பக்கமாகக் கை வீசுகிறதா? இரண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகிறதா? பாதம் தட்டையாகப் 'பொத்' என்று விழாமல் இருக்கிறதா? பின்னால் போகும் கால் நன்றாக மடங்குகிறதா? இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு தடவை செய்து காட்டி, ஒரு தடவை பழகவிட்டு, அப்புறம் இரண்டு தடவை பார்த்துக் குறித்தால் போதும்.

இது நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை. பிள்ளைகளின் அசைவுத் திறனைப் பார்க்க அமெரிக்காவில் டேல் உல்ரிக் என்பவர் 1985-இல் வெளியிட்ட சோதனை இப்படித்தான் நடக்கிறது. 3 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கானது. மூன்றாம் பதிப்பில் ஓடுவது, நொண்டியடிப்பது, தாண்டுவது, பிடிப்பது, எறிவது என்று 13 திறன்கள். அதன் தர அட்டவணை அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துப் போட்டது, அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். நொண்டியடிப்பதைப் பார்க்கத் தனியாக ஏற்பாடும் தேவையில்லை. பாண்டிக்கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு, தூக்கிய கால் வீசி உதவுகிறதா, விறைத்து நிற்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் அப்பத்தா வீட்டு வளவில் அக்காமார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

நானும் பல வருடம் தவறு செய்திருக்கிறேன். பந்து விழுந்த தூரத்தை அளந்து மதிப்பெண் போட்டு, ஒரு பெண்ணுக்குக் 'கை பலம் குறைவு' என்று எழுதினேன். ஒருநாள் அவள் கால்களைக் கவனித்தேன். வலது கையால் எறிகிறாள், வலது காலையே முன்னால் வைக்கிறாள். பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, இடது கால் வைக்கச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். இரண்டு வாரத்தில் பந்து வேப்பமரத்தைத் தாண்டியது. என் வகுப்புக்கு வரும்வரை அவள் கையில் யாரும் பந்தே கொடுத்ததில்லை. நான் எழுதியது அவள் அட்டையில் அப்படியே இருந்தது. இன்றும் அது உறுத்துகிறது.

அதனால் அவனுக்கு இப்போது மதிப்பெண் போடாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன், ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகள் போதும். போட்டி வேண்டாம், அவனைத் தனியாக ஓடச் சொல்லுங்கள். கையும் காலும் எப்படிப் போகின்றன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.