ப்ராம் இரவும் கைச்செலவும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சிகாகோ பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் எட்டு வருடமாக ப்ராம் உடை அலமாரியைப் பார்த்துக்கொள்கிறேன். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாக கவுன், கோட்டு, ஷூ எல்லாம் கொடுக்கிற இடம். கேட்டிருந்தவற்றில் சிலதுக்கு இங்கே பதில்.

கேள்வி (மதுரை): மேடம், ப்ராம் என்றால் ஃபேர்வெல் பார்ட்டி தானே? அதற்கு ஏன் இவ்வளவு கவலை?

கிட்டத்தட்ட அதுதான், ஆனால் நம் ஊர் ஃபேர்வெலுக்கு அக்கா புடவையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். இங்கே ஏப்ரல், மே மாதத்தில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கிற நடன இரவு இது. டிக்கெட், கவுன் அல்லது வாடகை டக்ஸிடோ (பையன்கள் போடுகிற கோட்டு சூட்டு), மணிக்கட்டில் கட்டுகிற பூ, தலை அலங்காரம், முன்னால் ஒரு சாப்பாடு, போய் வர கார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2015-ல் விசா கார்டு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் சராசரியாகச் செலவழிக்கப் போவதாகச் சொன்னது 919 டாலர். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண்டு வருமானம் 25,000 டாலருக்குக் கீழே உள்ளவர்கள் சொன்னது 1,393, 50,000-க்கு மேல் உள்ளவர்கள் சொன்னது 799. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. இல்லாதவன் வீட்டுக் கல்யாணத்தில்தான் கடன் வாங்கியாவது பந்தல் பெரிதாகப் போடுவார்கள்.

கேள்வி (டல்லாஸ், ஒரு அம்மா): எங்கள் பள்ளியிலும் தொடங்க ஆசை. யார் யாருக்குத் தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வருமானம் குறைந்த பிள்ளைகளின் இலவச மதிய உணவுப் பட்டியலைக் கேட்கலாமா?

கேட்காதீர்கள், தரவும் மாட்டார்கள். மதிய உணவு விவரம் சட்டப்படி ரகசியம். ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பல பள்ளிகளில் இப்போது எல்லோருக்குமே இலவசச் சாப்பாடு என்பதால், பட்டியல் கிடைத்தாலும் பயன்படாது. பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற பள்ளி கவுன்சலரிடம் சொல்லிவையுங்கள், அவருக்குத் தெரியும். வீடில்லாத பிள்ளைகளைக் கவனிக்க ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் ஒரு அலுவலர் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவரையும் பாருங்கள்.

முதல் வருடம் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். வருமானச் சான்று கொண்டுவரச் சொன்னோம், பதினோரு பேர்தான் வந்தார்கள். அடுத்த வருடம் அந்த வரியை எடுத்துவிட்டு 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று போட்டோம், வராந்தா வரை வரிசை நின்றது. வசதியானவர்கள் ரெண்டு மூணு பேர் எடுத்துப் போயிருப்பார்கள், போகட்டும்! இலவசமாகக் கொடுக்கிற டிக்கெட்டும் அப்படித்தான். கவுன்சலர் கையால் சத்தமில்லாமல் போக வேண்டும், மற்றவர்கள் வாங்குகிற அதே டிக்கெட்டாக இருக்க வேண்டும். தனி நிறத்தில் அச்சடித்தால் பிள்ளை அதை வாங்காது.

இன்னொன்று, பள்ளியில் பாக்கி விதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2019-ல் நியூ ஜெர்சியில் ஒரு மாவட்டம் மதிய உணவுப் பாக்கி 75 டாலரைத் தாண்டினால் ப்ராம் கிடையாது என்று விதி போட்டு ஊர் வாயில் விழுந்தது. உடை கொடுத்துவிட்டு வாசலில் நிறுத்தினால் என்ன புண்ணியம்?

கேள்வி (நியூ ஜெர்சி): அக்கா, நானும் உடை கொடுக்க நினைக்கிறேன். எது தேவை? எங்கே கொடுப்பது?

பெரிய அளவு கவுன், 16-க்கு மேல். சின்ன அளவு எங்களிடம் மலைபோல் கிடக்கிறது. அப்புறம் ஆண்களுக்கான கறுப்பு ஷூ. பையன்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், வாடகை டக்ஸிடோவுக்கு 200 டாலர் ஆகும் என்றதும் 'எனக்கு டான்ஸ் பிடிக்காது' என்று சொல்லி நழுவிவிடுவார்கள். உடையை ட்ரை க்ளீன் செய்து கொடுங்கள். 1990-களில் கல்யாணத்துக்குத் தோழிப்பெண்ணாகப் போட்ட கவுன் வேண்டாம், தயவுசெய்து.

பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். ஃபுளோரிடாவில் 250 கவுனுக்கு மேல் சேகரித்துக் கொடுத்த ஒரு பள்ளி மாணவி 2003-ல் கார் விபத்தில் இறந்த பிறகு அவள் பெயரில் தொடங்கிய பெக்காஸ் க்ளாசெட் என்கிற அமைப்புக்குப் பல மாநிலங்களில் கிளை உண்டு. எங்கள் சிகாகோவில் கிளாஸ் ஸ்லிப்பர் ப்ராஜெக்ட் என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது.

பணமாகத் தருவதென்றால் தையல்காரருக்குக் கொடுங்கள். போன வருடம் ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற ஒரு அம்மா, வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு மகளின் பச்சை கவுன் ஓரத்தைத் தானே மடித்துக் குத்தினார், யாரையும் தொட விடவில்லை. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் உச்சந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி: என் மகள் புடவைதான் கட்டுவேன் என்கிறாள். விடுவார்களா?

தாராளமாக. சில பள்ளிகளில் இடுப்பு தெரியக்கூடாது என்று விதி உண்டு, படித்துப் பாருங்கள். நீளமான ரவிக்கை தைத்தால் தீர்ந்தது. ஊக்கு நிறையக் குத்துங்கள், ஆடப்போகிறாள்.

கேள்வி (17 வயது, பெயர் வேண்டாம்): நான் போடுகிற கவுனைப் பார்த்து 'இது என்னோடது' என்று யாராவது சொல்லிவிட்டால்?

அந்தப் பயம் எனக்கும் இருந்ததும்மா. அதனால்தான் எங்கள் ஊரில் சேர்ந்த பெட்டிகளை நாற்பது மைல் தள்ளி உள்ள பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவர்களுடையதை வாங்கிக்கொள்கிறோம். உங்கள் ஊர் அலமாரியிலும் அப்படிச் செய்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போ, கேட்பதில் தப்பில்லை. சனிக்கிழமை திறந்தவுடனே போனால் கூட்டம் இருக்காது. அன்றைக்குப் போடப்போகிற ஹீல்ஸையே மாட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் நீளம் தப்பாகிவிடும்.