எபிகிராஃபியா இண்டிகா: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பல்லவர், சோழர் பற்றி எந்த ஆய்வு நூலைத் திறந்தாலும் அடிக்குறிப்பில் 'எபிகிராஃபியா இண்டிகா' வந்துவிடுகிறது. அந்த இதழின் வரலாற்றைத் தமிழில் நான் படித்ததில்லை. அண்மையில் ஒரு கூட்டத்தில் பேசியவர், "வெள்ளைக்காரர்கள் நம் மன்னர்களின் புகழ்ச்சியை அச்சடித்துக்கொண்ட ஏடு அது" என்றார். சரிதானா? பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு வெளியான ஆண்டை ஒரு நூல் 1908 என்கிறது, இன்னொன்று 1923-24 என்கிறது. எதைக் கொள்வது? இவ்வளவு பேர் பெற்ற இதழ் ஏன் நின்றது? வணிகவியல் படித்த என்னைப் போன்றவர்கள் அதைப் படிக்க முடியுமா?

கதிரவன், கும்பகோணம்

அன்புள்ள கதிரவன்,

பேசியவர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் இதழ் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

ஜேம்ஸ் பர்ஜெஸ் 1872இல் பம்பாயில் 'இண்டியன் ஆண்டிக்குவரி' என்ற மாத இதழைத் தொடங்கினார். நாட்டுப்புறக் கதை, நாணயம், ஊர்க்குறிப்பு எல்லாம் கலந்து வரும் இதழ் அது. கல்வெட்டுகளும் அதிலேயே வந்தன. ஆனால் ஒரு செப்பேட்டைப் பாடம், மொழிபெயர்ப்பு, படம் மூன்றோடும் போட்டால் மற்றதற்கு இடமிருக்காது. எனவே தொல்லியல் துறையின் பொறுப்பில் கல்வெட்டுக்கென்றே தனி வெளியீடாக எபிகிராஃபியா இண்டிகா 1888இல் தொடங்கியது. அதன் முதல் தொகுதி 1892 என்ற ஆண்டோடு முழுமை பெற்றது. 1920 வரை அது ஆண்டிக்குவரியின் காலாண்டு இணைப்பாகவே வந்தது. காலாண்டுக்கு ஒரு பகுதி, எட்டுப் பகுதி சேர்ந்தால் ஒரு தொகுதி, அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒன்று. உங்கள் வேள்விக்குடிக் குழப்பத்துக்கு இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

முதல் இரண்டு தொகுதிகளுக்கு பர்ஜெஸ் ஆசிரியர். மூன்றாம் தொகுதியிலிருந்து ஓய்கன் ஹுல்ஷ் பொறுப்பேற்றார். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஜெர்மானியர் அவர். 1903இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனார். இதழுக்கு நாம் இன்று அறியும் முகத்தைக் கொடுத்தவர் அவர்தான் என்பது என் கருத்து. அவரிடம் உதவியாளராக இருந்த வி. வெங்கையா பின்னர் அரசின் கல்வெட்டாய்வாளரானார், 1912இல் மறைந்தார். அடுத்து எச். கிருஷ்ண சாஸ்திரி. இதழின் ஆசிரியர் வரிசையில் ஸ்டென் கோனோ, எஃப். டபிள்யூ. தாமஸ், என். பி. சக்ரவர்த்தி, டி. சி. சர்க்கார் என்று பலர் உண்டு.

ஹுல்ஷ் நிலைப்படுத்திய வடிவம் எளியது, ஆனால் கறாரானது. ஒவ்வொரு கட்டுரைக்கும் எண். முதலில் கல் எங்கே இருக்கிறது, செப்பேடு என்றால் எத்தனை ஏடு, அளவு, வளையம், முத்திரை. அடுத்து எழுத்தின் வகை, மொழி, எழுதியவரின் பிழைப் பழக்கங்கள். பிறகு செய்தியும் காலமும். அதன்பின் வரி எண்ணிட்ட மூலப்பாடம், மொழிபெயர்ப்பு, கூடவே கல்லின் படம். படம் வைப்பதுதான் முக்கியம். பதிப்பாசிரியர் எப்படிப் படித்தார் என்பதை, அவர் பேச்சை நம்பாமல், நீங்களே எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கலாம். சதுர அடைப்புக்குள் இருப்பது சிதைந்த எழுத்து. அடைப்புக்குள் உடுக்குறியும் (*) இருந்தால் கல்லில் இல்லாததைப் பதிப்பாசிரியர் சேர்த்திருக்கிறார். வளைந்த அடைப்பு திருத்தத்தைக் காட்டும். மேற்கோள் எடுப்பவர்கள் முதலில் உதிர்த்துவிடுவது இந்த அடைப்புகளைத்தான். ஊகமாக நிரப்பிய எழுத்து மூன்றாவது நூலில் கல்லில் பொறித்த உண்மையாக நிற்கும்.

படத்துக்கு மூலம் மைப்படி. அது எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் பாடத்தில் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதும் தெரியும். முதலில் எழுத்தின் பள்ளங்களில் ஏறிய சுண்ணாம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, பாசி எல்லாவற்றையும் நார்த் தூரிகையாலும் தண்ணீராலும் நீக்க வேண்டும். கம்பித் தூரிகை கூடாது, அது புதிய கீறல் போட்டுவிடும். பிறகு தாளை நனைத்துக் கல்லின் மேல் படியவைத்து, கெட்டியான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டுவார்கள். தாள் எழுத்தின் குழிக்குள் இறங்கும். ஈரம் ஓரளவு வற்றியதும் துணிப்பந்தில் மை தொட்டு மேலே ஒற்றுவார்கள். குழிக்குள் மை போகாது, ஆகவே கறுப்புத் தரையில் எழுத்து வெள்ளையாக நிற்கும். காய்ந்தபின் தாளை உரிக்க வேண்டும்.

கெடுவது எங்கே? ஈரம் மிகுந்தால் மை ஊறிப் பரவிக் குழியையும் அடைத்துவிடும். குறைந்தால் ஒற்றும்போதே தாள் எழும்பி எழுத்து இரட்டிக்கும். அடியில் காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் எழுத்தே விழாது. கல்லின் வெடிப்பு ஒரு கோடு போலவே வெள்ளையாகத் தெரியும். நீண்ட சுவர்க் கல்வெட்டுக்குப் பல தாள் வேண்டும். ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் இரண்டு விரல் அளவாவது ஏறாவிட்டால் வரிக்கு வரி ஒரு எழுத்து காணாமல் போகும். தமிழ்க் கல்வெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. புள்ளி பெரும்பாலும் இடுவதில்லை. எகர ஒகரக் குறில் நெடிலுக்கு வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். எனவே மைப்படி பழுதில்லாமல் வந்தாலும் ஒரு சொல்லை இரண்டு மூன்று விதமாகப் படிக்க இடமிருக்கிறது.

இந்த மைப்படிகளிலிருந்து படத்தாள்களை லண்டனில் டபிள்யூ. கிரிக்ஸ் ஒளிப்பட முறையில் அச்சிட்டார். அதற்கு முந்தைய கல்லச்சுப் படங்களில் கையால் மையிட்டுத் 'தெளிவாக்கும்' வழக்கம் இருந்தது. தெளிவாக்கியவர் என்ன எழுத்து என்று நினைத்தாரோ அதுதான் படத்தில் இருக்கும். அப்படிப்பட்ட படத்தை வைத்துப் பாடத்தைச் சரிபார்ப்பதில் பயனில்லை.

இந்த இதழ் செய்த இன்னொரு பெரிய வேலை காலக் கணிப்பு. முதல் தொகுதியிலேயே ஹெர்மன் யாக்கோபி திதி, நட்சத்திரம் கணக்கிடும் அட்டவணைகளை வெளியிட்டார். அடுத்து கோட்டிங்கனிலிருந்து ஃபிரான்ஸ் கீல்ஹார்ன், சோழ, பாண்டிய மன்னர்களின் தேதிகளைத் தொகுதிக்குத் தொகுதி வரிசையாகக் கணித்துத் தந்தார். நம் கல்வெட்டுகள் பெரும்பாலும் சக ஆண்டு போன்ற தொடர் ஆண்டுக் கணக்கைச் சொல்வதில்லை. 'இன்ன மன்னருக்கு யாண்டு இத்தனையாவது, இன்ன நாயற்று இன்ன பட்சத்து இன்ன திதியும் இன்ன கிழமையும் பெற்ற இன்ன நாள்' என்றுதான் இருக்கும். மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் நான்கும் ஒன்றுகூடும் நாள் அரிது. எழுத்து வடிவத்தை வைத்து ஒரு தலைமுறைக்குள் காலத்தைச் சுருக்கிவிட்டால் பொருந்தும் நாள் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

அதிலிருந்து பட்டமேற்ற நாளுக்குப் போகும் வழியைக் கணக்கு புரிவதற்காக மட்டும் இரண்டு தேதிகளை வைத்துக் காட்டுகிறேன். 15ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று 999 ஆகஸ்ட் 1இல் விழுகிறது என்றால், பட்டமேற்றது 984 ஆகஸ்ட் 2க்கும் 985 ஆகஸ்ட் 1க்கும் இடையில். 10ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று 995 ஜூன் 1இல் விழுந்தால், 985 ஜூன் 2க்கும் 986 ஜூன் 1க்கும் இடையில். இரண்டுக்கும் பொதுவாக எஞ்சுவது 985 ஜூன் 2 முதல் ஆகஸ்ட் 1 வரையான இரண்டே மாதம். இப்படிக் கல்வெட்டு சேரச் சேர இடைவெளி குறுகும். இந்த வழியில்தான் முதலாம் ராஜராஜன் ஆட்சியேற்றது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று கீல்ஹார்ன் நிறுவினார். கணக்கில் பொருந்தாத தேதிகளை அவர் ஒளிக்கவும் இல்லை. பொருந்தவில்லை என்று எழுதி, எந்தக் கூறு தவறியிருக்கக்கூடும் என்றும் காட்டினார்.

ஒருமுறை அச்சானதோடு ஒரு கல்வெட்டை விட்டுவிடவும் இல்லை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் அய்ஹொளே கல்வெட்டு சக 556, அதாவது கி.பி. 634-35க்கு உரியது. கல்வெட்டறிஞர் ஃப்ளீட் அதை ஆண்டிக்குவரியில் இருமுறை வெளியிட்டிருந்தார். இருந்தும் ஆறாம் தொகுதியில் கீல்ஹார்ன் அதை மறுபடி பதிப்பித்தார். இன்று எல்லோரும் எடுத்தாள்வது அந்தப் பாடத்தைத்தான்.

இனி அந்தப் பாதி. பணம் அரசாங்கத்தின் பணம், தொடக்க காலத்துப் பெரிய பெயர்கள் ஐரோப்பியப் பெயர்கள். வெயிலில் சாரம் கட்டி மைப்படி எடுத்தவர்களின் பெயர் பெரும்பாலும் அச்சில் இல்லை. மன்னரைப் புகழும் வடமொழிப் பிரசஸ்திக்குக் கிடைத்த கவனம் நிலத்தின் எல்லைக்கும் வரிக்கும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. பல தமிழ்க் கல்வெட்டுகள் உரோமன் எழுத்தில் அச்சானதால் தமிழறிஞர்களே அவற்றை எட்ட நின்று பார்த்தார்கள். ஆனால் 'புகழ்ச்சியை அச்சடித்த ஏடு' என்று முடித்துவிடுவது இதழைத் திறந்து பார்க்காத பேச்சு. 22ஆம் தொகுதியில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்த பெரிய லெய்டன் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த ஆவணம் அது. 21 ஏட்டில் வடமொழி ஐந்து, தமிழ் பதினாறு. ராஜராஜனின் 21ஆம் ஆண்டு 92ஆம் நாள் பிறந்த ஆணை எந்தெந்த அதிகாரி வழியாக ஊருக்கு வந்தது, எல்லை எந்த வாய்க்கால் ஓரமாகப் போனது, 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல் வருவாய் எப்படி வந்தது என்பதெல்லாம் தமிழ்ப் பகுதியில்தான் இருக்கிறது. சோழர் அலுவலகம் எப்படி இயங்கியது என்று அறிய இதைவிட நல்ல பக்கங்கள் குறைவு.

வேள்விக்குடிக்கு வருகிறேன். இரண்டு ஆண்டும் சரி, இரண்டும் வேறு வேறு வெளியீடுகள். 1908 என்பது கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கை. அதில் சுருக்கமும் விவாதமும் மட்டும் வரும். கிருஷ்ண சாஸ்திரியின் முழுப் பதிப்பு எபிகிராஃபியா இண்டிகாவின் 17ஆம் தொகுதி, 1923-24. பாடத்தை மேற்கோள் காட்டுவதானால் இதைத்தான் காட்ட வேண்டும். தொகுதியின் மேலுள்ள ஆண்டு அது எந்த ஆண்டுக்கு உரியது என்பதை மட்டும் சொல்லும், அச்சான ஆண்டு பிந்தியிருக்கும். லெய்டன் செப்பேடு உள்ள தொகுதி 1933-34க்கு உரியது, வெளிவந்தது 1938இல். யார் யாரைப் படித்துவிட்டு எழுதினார் என்று வழக்காடுபவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது.

வேள்விக்குடியில் படம் ஏன் வேண்டும் என்பதும் தெரியும். 'களபரனென்னும் கலியரைசன்' என்ற ஒரு தொடரின் மேல்தான் களப்பிரர் காலம் பற்றிய பெரும் விவாதம் நிற்கிறது. அதைச் சொல்வது எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியனின் ஆவணம், சொல்லப்படும் நிகழ்ச்சியோ வெகு முந்தியது. கிருஷ்ண சாஸ்திரியின் விளக்கத்தை ஏற்காதவரும் அவருடைய பாடத்தையும் படத்தையும் வைத்துத்தான் மறுக்கிறார்.

ஏன் நின்றது? அலுவலகம் 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்குப் போன பிறகும் தொகுதிகள் வந்தன. 1970களின் பிற்பகுதிக்கு உரிய தொகுதிகளோடு வரிசை ஓய்ந்தது. தாமதம் ஒரு காரணம், ஆனால் கேள்விகள் மாறியதுதான் அடிப்படைக் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு செப்பேட்டை நாற்பது பக்கத்தில் பதிப்பிப்பது அரச வம்சாவளி எழுதுபவருக்குப் போதும். நாட்டுப் பிரிவுகளையும் நில உரிமையையும் ஆட்பெயர்களையும் எண்ணிப் பார்க்கும் வேலையை வரலாற்றறிஞர்கள் நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தொடங்கியபோது, அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆயிரக்கணக்கான சாதாரணக் கல்வெட்டுகள். அந்தப் பசிக்கு தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள்தான் ஈடுகொடுத்தன. முதல் மூன்று தொகுதிகளில் மொழிபெயர்ப்போடு வந்த அந்த வரிசை, நான்காவதிலிருந்து வெறும் பாடமாக வருகிறது. கடல்போல் கிடக்கும் மைப்படிகளை எபிகிராஃபியா இண்டிகாவின் நிதானத்தில் அச்சேற்ற எந்த அலுவலகத்தாலும் முடியாது. தமிழில் அந்த மரபை இன்று ஓரளவு தொடர்வது தஞ்சாவூரிலிருந்து வரும் 'ஆவணம்' இதழ்.

நீங்கள் தாராளமாகப் படிக்கலாம். வணிகவியல் தெரிந்தவருக்கு வரிப் பகுதிகள் இன்னும் சுலபம். பழைய தொகுதிகளின் மின்வருடல் இணையத்தில் கிடைக்கிறது, ஆனால் மடித்து ஒட்டிய படத்தாள்களைச் சில படிகளில் விரிக்காமலே வருடியிருக்கிறார்கள். அப்படியானால் வேறு படி தேடுங்கள். லெய்டன் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியில் தொடங்கலாம். பாடத்தை மூடிவைத்துவிட்டு படத்தில் பத்து வரி படித்து எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். கிரந்த எழுத்துகள் இடையில் வரும், ஒரு எழுத்து அட்டவணை பக்கத்தில் இருக்கட்டும். '1898ஆம் ஆண்டின் 1, 2 எண்கள்' என்பது போன்ற மேற்கோள் வந்தால் அது கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையின் படியெடுப்பு எண், இதழின் பக்கம் அல்ல. இந்த இரண்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். வெங்கையா அவற்றை விரிவாக எழுதியது தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில். ஆகவே முக்கியமான எல்லாமே எபிகிராஃபியா இண்டிகாவில்தான் இருக்கும் என்று தேடி நாளைக் கழிக்க வேண்டாம்.

எடுத்து எழுதுமுன் அந்தத் தொகுதியின் 'சேர்க்கைகளும் திருத்தங்களும்' பக்கத்தைப் பாருங்கள். உள்ளே அச்சான பாடத்தைப் பதிப்பாசிரியரே அங்கே மாற்றியிருக்கக்கூடும்.