அட்டைப்படத்துக்கு முன்னால் ஒப்பந்தம்

(வாசகர் கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் எழுதுபவர், சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கும் நாவலாசிரியை.)

கேள்வி: நாவல் எழுதியே வாழ வேண்டும் என்று ஆசை. வீட்டில் வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார்கள். நாவலில் எவ்வளவு வருமானம் வரும்?
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

கண்ணு, கணக்கையே சொல்லிவிடுகிறேன். தமிழில் ராயல்டி பெரும்பாலும் புத்தக விலையில் 10 சதவீதம். 300 ரூபாய் நாவல் ஒன்று விற்றால் எழுதியவருக்கு 30 ரூபாய். 500 பிரதி அச்சடித்து அத்தனையும் விற்றால் 15,000 ரூபாய். விற்று முடிய இரண்டு வருஷம் ஆனாலும் ஆகும். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் 1,200 பிரதி போடுவார்கள். அதில் பெரும்பகுதி நூலக ஆணையில், அதாவது அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்குவதில், போய்விடும். வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அந்தப் பணம்தான் நூலகங்களுக்குப் புத்தகமாகிறது. ஆணை வராத வருஷம் பதிப்பாளர் கையைக் கட்டிக்கொள்வார். நம் ராயல்டியும் கூடவே நின்றுபோகும். இப்போது நூறு, இருநூறு என்று வேண்டியபோது அச்சடித்துக்கொள்ள முடிகிறது. புத்தகம் கிடைக்காமல் போவதில்லை. ஆனால் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வருவதும் இல்லை.

என் வீட்டில் அரிசி, பருப்பு, கரண்ட் பில் எல்லாம் மெய்ப்புத் திருத்தும், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும், கூலியில் நடக்கிறது. விடிகாலையில் எழுந்து, எதிர்வீட்டு விசைத்தறி ஓடத் தொடங்கும் வரை என் நாவல். அதன்பிறகு மற்றவர்கள் புத்தகம், பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் என்பதால் டிசம்பரில் எல்லாப் பதிப்பாளருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வரும், சாப்பிட நேரமிருக்காது. பொங்கல் கழிந்தால் கோடை வரை கை வறண்டு கிடக்கும். டிசம்பர் கூலியில் ஒரு பங்கைத் தனியே எடுத்துத் தபால் நிலையத்தில் போட்டுவிடுவேன். அந்தப் பணம் இல்லாவிட்டால் என் நாவல் ஒன்றுகூட முடிந்திருக்காது.

வங்கித் தேர்வை எழுது. சம்பளம் இருந்தால் முடியாத நாவலை முடிந்துவிட்டது என்று சொல்லிக் கொடுக்க வேண்டிய நெருக்கடி வராது. மாத நாவல் எழுதிய காலத்தில் எனக்கு அந்த நெருக்கடி மாதாமாதம் இருந்தது. பக்கம் இத்தனை, தேதி இன்னது என்று அளவு உண்டு. ஒரு பெண் மனம் மாற இன்னும் மூன்று அத்தியாயம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி நாலு பக்கத்துக்குள் அவள் மாறியாக வேண்டும். அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: தபால் துறையில் ஓய்வு பெற்றவன். என் முதல் நாவலை ஒரு பதிப்பகம் ஏற்றிருக்கிறது. 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே' என்று ஒரு பக்க ஒப்பந்தம் வந்திருக்கிறது. அட்டைப்படமும் அனுப்பியிருக்கிறார்கள், மிக அழகு. கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், ஓமலூர்

ஐயா, இப்போது போடாதீர்கள். அட்டைப்படத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த 'நிரந்தரமாக'வை முதலில் பாருங்கள். பதிப்புரிமை நம் ஆயுள் முழுவதும், நாம் போன பிறகு 60 வருஷமும் நிற்கும். அவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றித்தர முடியும். எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்தப் பிரதேசத்துக்கு, ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். பிரதேசம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நாவலைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம். எழுதியபோதே அது உங்களுடையது.

ஆகவே, அச்சுப் பதிப்பு மட்டும், ஐந்து வருஷத்துக்கு என்று திருத்திக் கேளுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். சினிமாவா, என் கதையையா என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். கருணாநிதியும் கண்ணதாசனும் வேலை பார்த்த சினிமா ஸ்டூடியோ அது. நூற்றுக்கும் மேல் படம் அங்கே எடுத்தார்கள், நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தானே. வருஷம் ஒருமுறை அச்சடித்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று கணக்குத் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அம்மாப்பேட்டைத் தறிக்காரக் குடும்பத்தைப் பற்றி நான் எழுதிய நாவலுக்குப் பல வருஷமாகக் கணக்கு வரவில்லை. கேட்டால், 'இருப்பு அப்படியே இருக்கும்மா' என்பார்கள். ஒருநாள் புத்தகத் திருவிழாவில் ஒரு பையன் கையெழுத்துக்கு நீட்டிய பிரதியைத் திறந்தால், உள்ளே 'மூன்றாம் பதிப்பு'. இரண்டாம் பதிப்பு வந்ததே எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். ஒப்பந்தத்தில் காலம் எழுதப்பட்டிருக்கவில்லை, ஐந்து வருஷமோ தாண்டியிருந்தது. 19-ம் பிரிவைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். பழைய பாக்கி வரவில்லை. நாவல் திரும்பி வந்தது. இன்று வேறு பதிப்பகம் வருஷா வருஷம் கணக்கோடு அதை விற்கிறது. நீங்கள் தபால் துறையில் இருந்தவர், ஒப்புகை அட்டையின் மதிப்பு உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

கேள்வி: பக்கத்திலேயே ஏற்காடு. மலையில் அறை எடுத்துத் தங்கித்தான் எழுதுவீர்களா?
– இல்லத்தரசி, தாரமங்கலம்

எழுதுவது கீழே, வீட்டில்தான். மலைக்குப் போவது பார்க்கவும் கேட்கவும். இப்போது எழுதும் நாவல் காப்பித் தோட்டத்தில் நடக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து நாகலூர்ப் பக்கம் நடந்தால் பேச்சுக்குக் குறைவே இல்லை. கோடை தொடங்கும்போது ஒரு நல்ல மழை விழுந்தால்தான் காப்பி பூக்கும். பெய்த பத்து நாளுக்குள் செடியெல்லாம் வெள்ளையாகி, மல்லிகை மாதிரி மணக்கும். அந்த மழை தவறினால் நவம்பரில் தொடங்கும் பழம் பறிப்பில் ஆட்களுக்குக் கூலி நாள் குறையும். பூவைப் பார்த்து டவுன்காரர்கள் படம் எடுக்கிறார்கள். பறிக்கிற பெண்கள் அதே பூவைப் பார்த்துக் கார்த்திகை, மார்கழி வரும்படியைக் கணக்குப் போடுகிறார்கள். இது அறைக்குள் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பவர் ஒருவர், கீழே நிற்பவரோடு நாள் முழுக்க முகம் பாராமல் பேசிக்கொண்டே இருந்தார். அவர்கள் இருவரும் நாவலுக்குள் வந்துவிட்டார்கள்.

கேள்வி: பேனாவா, கணினியா?
– வாசகர், எடப்பாடி

முதல் வரைவு பேனா, கோடு போட்ட நோட்டு. தட்டச்சு செய்யும்போதே இரண்டாம் வரைவு ஆகிவிடும்.

கேள்வி: என் இரண்டாவது நாவல் வெளியாகி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு மதிப்புரைகூட வரவில்லை. மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். யாருக்காக எழுதுவது?
– பள்ளி ஆசிரியை, மேட்டூர்

அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒரு வார இதழில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தபோது, பாதிக் கதையில் இதழே நின்றுபோனது. கதையில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு சேலம் ஜங்ஷனில் நின்றுகொண்டிருந்தாள். அவளை எந்த ரயிலில் ஏற்றுவது என்று கேட்க ஆசிரியரும் இல்லை, அச்சடிக்க இடமும் இல்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து, சேலத்தில் குகை என்ற பகுதியிலிருந்து ஒரு பாட்டி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். 'அந்தப் புள்ள என்ன ஆனா சாமி?' என்றார். திண்ணையில் உட்காரவைத்து மிச்சக் கதையைச் சொன்னேன். அவள் அம்மா வீட்டுக்குத் திரும்புகிறாள் என்றதும், 'போவ மாட்டா. அங்க போறதா இருந்தா அன்னிக்கே போயிருப்பா' என்று அடித்துச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் எழுதிய பெண்ணை அவர் தன் வீட்டில் வைத்து வளர்த்திருந்தார். அன்று ராத்திரியே நோட்டைத் திறந்தேன்.

மதிப்புரை வராததால் உங்கள் நாவலை யாரும் படிக்கவில்லை என்று ஆகாது. மேட்டூர் நூலகத்தில் உங்கள் புத்தகம் இருந்தால், யார் யார் எடுத்துப் போனார்கள் என்று நூலகரைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பிரதியை நீங்களே கொடுத்துவிடுங்கள். எனக்கும் இந்த இதழின் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். படித்துவிட்டு, பிடித்ததையும் பிடிக்காததையும் விரிவாக எழுதுகிறேன். கூடவே, நிறுத்திவைத்திருக்கும் மூன்றாவது நாவலின் கடைசிப் பத்துப் பக்கத்தையும் வையுங்கள். உங்கள் பெண் எங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும்.