வேற்று முள் பூட்டிய மணிக்கூடு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 26. ஊர் கோண்டாவில். அப்பா இறந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. அவருடைய சீக்கோ 5 மணிக்கூட்டை அம்மா போன மாதம் அலுமாரியிலிருந்து எடுத்து என்னிடம் தந்தார். 80களில் பெரியப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அப்பா அதைக் கட்டிக்கொண்டுதான் வன்னிக்குப் போனார், 2002 இல் கட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தார். பின்மூடியில் 7009 என்ற எண் இருக்கிறது. ஓடுகிறது, ஆனால் ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது. குமிழைத் திருகினால் முறுக்கேறுவதாகவும் தெரியவில்லை.

படம் எடுத்துச் சேகரிப்பாளர்கள் சிலரிடம் காட்டினேன். நொடிமுள் சிற்றிசன் என்ற வேறு நிறுவனத்தினுடையது, மற்ற இரண்டு முட்களும் வேறு ஏதோ மணிக்கூட்டினுடையவை, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்ரிக், இது கலப்பு, மதிப்பு இல்லை என்றார்கள். மனம் நொந்துபோனது. அசல் முட்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா? அல்லது டயலையும் கறுப்பாக மாற்றி, கிழமை காட்டும் சில்லில் இருக்கும் அரபு எழுத்தையும் நீக்கி, முழுவதும் புதிதாக்கிவிடலாமா? நானே கழற்றிப் பூட்டப் பழக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

குமிழைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது பழுதில்லை. 7009 இயந்திரத்தைக் குமிழால் முறுக்க முடியாது, கை அசைவில்தான் முறுக்கேறும். உள்ளே ஓர் அரைவட்ட எடை சுழல்கிறது. அது எந்தப் பக்கம் சுழன்றாலும், இரண்டு கொக்கிகள் கொண்ட ஒரு சிறு நெம்புகோல், மணிக்கூட்டை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கை ஒரே திசையில் இறுக்குகிறது. சீக்கோ நிறுவனம் 1959 இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. காலையில் இருபது முப்பது தரம் மெல்ல ஆட்டிவிட்டுக் கட்டுங்கள், போதும்.

இனி அந்த 'மதிப்பு இல்லை' என்ற பேச்சுக்கு வருகிறேன். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, முட்களைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த முட்கள் எப்படி அங்கே வந்தன என்று அவர்கள் கேட்கவில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். இரவில் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். பற்றரி மணிக்கூடுகள் வீடுகளில் ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு ஒரு பிற்பகலில் 2.40 இல் நின்றது, அதன்பின் பல வருடங்கள் அந்த நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அலுமாரிகளிலிருந்தும் தகரப் பெட்டிகளிலிருந்தும் பழைய மணிக்கூடுகள் வெளியே வந்தன. முறுக்கினால் ஓடுபவை, கையை அசைத்தால் ஓடுபவை. பற்றரி மணிக்கூடு வந்ததும் பழசு என்று ஒதுக்கி வைத்தவற்றை ஊரே தேடி எடுத்துக் கட்டிக்கொண்டது.

ஆனால் எடுத்துக் கட்டியவையும் பழுதாகுமல்லவா? உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையின் முன்பக்கத்தில், கண்ணாடிப் பெட்டி ஒன்றின் பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். அவருடைய காலடியில் ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. இனி ஓடாது என்று ஊரார் விட்டுப்போன மணிக்கூடுகளின் உறுப்புகள் அதற்குள் கிடந்தன. முள், திருகாணி, சில்லு, கண்ணாடி என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். ஒரு முள் வேண்டுமானால் ரின்னை ஒரு வெள்ளைத் தாளில் கவிழ்ப்பார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாவணத்தால் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். கிடைத்தது பெரும்பாலும் வேறு நிறுவனத்தின் முள்ளாகத்தான் இருக்கும்.

இங்கேதான் அந்தச் சேகரிப்பாளர்கள் தவறவிட்ட விடயம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் நொடிமுள் இன்னொன்றின் அச்சில் தானாகப் போய் உட்காராது. முள்ளின் அடியில் தலைமயிர் அளவு துளையுள்ள ஒரு குழாய் இருக்கிறது. துளை பெரிதென்றால் அந்தக் குழாயைச் சுற்றிவர மிக மெல்ல நெருக்க வேண்டும். சிறிதென்றால் ஊசிபோன்ற அரத்தால் அகட்ட வேண்டும். கொஞ்சம் கூடினால் குழாய் பிளந்துவிடும், அதற்கு மாற்று ரின்னில் இல்லை. நீளம் கூடினால் நுனியை வெட்டி, நிமிடமுள்ளில் தட்டாதபடி வளைத்துவிட வேண்டும். இதெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில், மேலே விமானச் சத்தம் கேட்டால் எழுந்து பதுங்குகுழிக்குள் ஓடவேண்டிய நாட்களில் நடந்தது. கழுவுவதற்குப் பெற்றோல் வேண்டும், பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றது. அவர் தேநீர்க் கோப்பையின் கால்பங்கு அளவு பெற்றோலை வைத்துக்கொண்டு, வடித்து வடித்து அதையே பல மணிக்கூடுகளுக்குப் பயன்படுத்துவார்.

உங்கள் அப்பாவின் மணிக்கூட்டிலுள்ள அந்தச் சிற்றிசன் முள் இன்றைக்கும் அச்சில் இறுக்கமாக நின்று சுற்றுகிறது என்றால், அதைப் பூட்டியவர் கைதேர்ந்தவர். அதைக் கழற்றிவிட்டு அசல் முள்ளைப் பூட்டினால் ஜப்பானிலிருந்து வந்த நாளில் இருந்தபடி ஒரு மணிக்கூடு உங்களிடம் இருக்கும். அப்படிப்பட்டது உலகில் இலட்சக்கணக்கில் இருக்கிறது, காசு கொடுத்தால் நாளைக்கே வாங்கலாம். அப்பா கட்டியிருந்த மணிக்கூடு இந்த முட்களோடு இருப்பதுதான். ஆகவே முட்களைத் தொடாதீர்கள். டயலையும் தொடாதீர்கள்.

கிழமைச் சில்லில் இருக்கும் அரபு எழுத்தை நீக்குவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சீக்கோ பல சந்தைகளுக்கு ஆங்கிலத்தோடு அந்தந்த நாட்டு மொழியையும் சேர்த்துக் கிழமைச் சில்லு செய்தது. ஆங்கிலமும் அரபும் உள்ள சில்லு மத்திய கிழக்கில் விற்றவற்றில் இருந்தது. உங்கள் பெரியப்பா சவூதியில் உழைத்த காசில் வாங்கி வந்தார் என்பதற்கு இன்றைக்கு உங்களிடம் இருக்கும் சான்று அந்த எழுத்துத்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது, ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரமே தொடர்ந்தது. வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி திறந்த 2002 இல் முகமாலைச் சோதனைச்சாவடியைக் கடந்து போய் வந்தவர்கள் மணிக்கூட்டை அரை மணி மாற்ற வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பியது. உங்கள் அப்பா ஊர் திரும்பிய அன்று இந்தக் குமிழை இழுத்து முள்ளை அரை மணி முன்னே நகர்த்தியிருப்பார். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நினைவிருக்கலாம்.

முட்களையும் டயலையும் சொன்னேனே தவிர, எதையும் மாற்றவே கூடாது என்பவன் அல்ல நான். தேய்ந்து தீரும் உறுப்புகளை மாற்றத்தான் வேண்டும். பின்மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். நமது உப்புக்காற்றிலும் வியர்வையிலும் அது இல்லாத மணிக்கூடு இரண்டு மாரிக்குள் துருப்பிடித்துவிடும். மெயின் ஸ்பிரிங் களைத்திருந்தால் புதியது போடுங்கள். பிளாஸ்ரிக் கண்ணாடி வெடித்திருந்தால் மாற்றுங்கள், கீறல் மட்டும் என்றால் தேய்த்து மினுக்கினால் தெளிந்துவிடும். நான்கு நிமிடம் பிந்துவதற்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்த எண்ணெய்தான். இந்த இயந்திரத்தில் இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பலன்ஸ் சில்லு மணிக்கு 21,600 தரம் துடிக்கிறது, நொடிக்கு ஆறு தரம். ஒரு நாளைக்கு ஐந்து இலட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு துடிப்புகள். நான்கு நிமிடப் பிழை என்பது ஆயிரத்துக்கு மூன்றுக்கும் குறைவு. பல வருடமாக எண்ணெய் காணாத இயந்திரம் இவ்வளவு சரியாக நடப்பதே பெரிது. கழுவி எண்ணெயிட்டால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

(பிந்தாமல், திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தும் மணிக்கூடு என்றால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். பலன்ஸ் சில்லோடு சேர்ந்த மெல்லிய ஹெயர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டினால் அப்படி ஓடும். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தாலும் நடக்கலாம். திசைகாட்டியின் அருகே பிடித்தால் அதன் ஊசி ஆடுவதில் தெரிந்துவிடும்.)

கழுவி எண்ணெயிடும் வேலையை நீங்களே செய்யலாமா? செய்யலாம், ஆனால் முதல் வேலையாக அல்ல. 22 வயதில் நான் அப்பப்பாவின் சுவிஸ் மணிக்கூட்டை, அதற்குமுன் எதையும் கழற்றிப் பழகாமல், நேராகத் திறந்தேன். பலன்ஸ் சில்லைத் தூக்கும்போது அது கீழே சிக்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. ஹெயர் ஸ்பிரிங் இழுபட்டு நீண்டது. தலைமயிரைவிட மெல்லிய அந்தச் சுருளை மறுபடி வட்டமாக்க என்னால் முடியவில்லை, நான் கொண்டுபோய்க் காட்டியவர்களாலும் முடியவில்லை. அது இன்னும் என் மேசை லாச்சிக்குள் ஓடாமல் கிடக்கிறது. உங்களுக்கு அது நேரக்கூடாது.

எஸ்டி 36 என்று ஒரு சீன இயந்திரம் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. பழைய சுவிஸ் யூனிடாஸ் 6497 ஐப் பார்த்துச் செய்தது. 36.6 மில்லிமீற்றர் அகலம், அச்சுகள் தேயாதிருக்கப் பதித்த 17 கல், கையால் முறுக்குவது. உறுப்புகள் பெரியவை என்பதால் பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை. அதைப் பத்துத் தரம் கழற்றிப் பத்துத் தரம் ஓடவையுங்கள். ஒவ்வொரு திருகாணியையும் எடுத்த இடத்தோடு படம் எடுத்து வையுங்கள். துடிப்பைப் பிடித்து விடும் அந்தக் கவைபோன்ற உறுப்பைக் கழற்றும் முன் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை முழுவதும் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சில்லுகள் வெறிகொண்டு சுழன்று அச்சு முறியும். எண்ணெய் கண்ணுக்குத் தெரியும் அளவு இட்டால் அதுவே கூடுதல். அந்தக் கவையின் அச்சுகளுக்கு எண்ணெயே வேண்டாம். அடுத்தது, நகரிலோ சந்தியிலோ இன்றும் உட்கார்ந்து திருத்துகிற ஒருவரிடம் போய், ஓடாத மணிக்கூடுகளைக் கேட்டு வாங்குங்கள். காணொளி காட்டாத ஒன்றை அவர் பக்கத்தில் அரை மணி நின்றால் கற்கலாம்: எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தாங்கும் என்பதை.

பழைய சுவிஸ் மணிக்கூடுகளில் இருட்டில் ஒளிரப் பூசியது கதிரியக்கமுள்ள ரேடியமாக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவற்றின் முள்ளைச் சுரண்டாதீர்கள், தூளைச் சுவாசிக்காதீர்கள். 70களுக்கு முற்பட்டவை என்றால் திறக்காமலே விட்டுவிடுங்கள்.

கறுப்பு டயல் ஆசையையும் கைவிடத் தேவையில்லை, அதை வேறொரு மணிக்கூட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள். சீக்கோ நிறுவனத்தின் என்எச் 35 என்ற இயந்திரத்தை வாங்கி, 28.5 மில்லிமீற்றர் டயலும் பிடித்த முட்களும் வெளிக்கூடும் தேர்ந்து நீங்களே ஒன்று கட்டலாம். அது கையாலும் முறுக்கேறும், குமிழை இழுத்தால் நொடிமுள் நிற்கும். நான் மூன்று கட்டியிருக்கிறேன், ஒன்று என் மகளின் கையில் இருக்கிறது. ஒரேயொரு விதி வைத்திருக்கிறேன்: சீக்கோ செய்யாத டயலில் சீக்கோ என்று எழுதியிருந்தால் வாங்கமாட்டேன். பழைய டயலுக்கு மறுவர்ணம் பூசி, பல மணிக்கூட்டு உறுப்புகளைச் சேர்த்து, அசல் என்று விற்கிறார்கள். சேகரிப்பாளர்கள் கலப்பு என்றதும் முகம் சுளிப்பது அதனால்தான், அந்தச் சுளிப்பில் நியாயமும் இருக்கிறது. வாங்குபவனை ஏமாற்றச் சேர்த்தது அது. உங்கள் அப்பாவின் மணிக்கூட்டில் சேர்த்தது அவர் நேரத்துக்கு வேலைக்குப் போவதற்காக.

பழகி முடித்து அப்பாவின் மணிக்கூட்டைத் திறக்கும் நாள் வரும்போது ஒன்று செய்யுங்கள். பின்மூடியைக் கழற்றியதும் அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். திருத்துபவர்கள் வேலை முடித்ததும் ஊசியால் அங்கே ஒரு திகதியோ, எண்ணோ, தங்கள் குறியோ கீறி வைப்பதுண்டு. இருந்தால் அதை மினுக்கி அழித்துவிடாமல் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கஸ்தூரியார் வீதிப் பெரியவரின் குறி எனக்குத் தெரியும். ஒரு சிறிய வேல், பக்கத்தில் இரண்டு புள்ளிகள். வேலை முடிந்ததும் அதற்குக் கீழே உங்கள் திகதியைக் கீறிவிட்டு மூடுங்கள்.

அன்புடன்.