அரை மதிப்பெண்ணின் முகவரி

கேள்வி: என் மகள் பொறியியல் கலந்தாய்வில் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரியில் கணினி அறிவியல் இடத்தைத் தவறவிட்டாள். அவளைவிடப் பல மதிப்பெண் குறைவாகப் பெற்ற அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அங்கே சேர்ந்துவிட்டார். சமூக நீதி, பன்மை என்றெல்லாம் எழுதுகிறீர்களே, அரை மதிப்பெண் என்றால் உங்களுக்கு அவ்வளவு இளப்பமா? அந்தக் காலத்தில் திறமைக்கு மட்டும்தானே இடம் கொடுத்தார்கள்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: இளப்பமே இல்லை ஐயா. அந்த அரை மதிப்பெண்ணுக்காக உங்கள் மகள் எத்தனையோ இரவுகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் உங்கள் கடிதத்தில் உள்ள மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, அதை மட்டும் முதலில் கையில் எடுத்துப் பார்க்கிறேன். அந்த அரை மதிப்பெண் எங்கே பிறக்கிறது?

கலந்தாய்வில் யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசைப்படுத்தும் கட்-ஆஃப் மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100. இயற்பியலில் நூற்றுக்கு வாங்கியதையும் வேதியியலில் நூற்றுக்கு வாங்கியதையும் பாதியாக்கி அதனுடன் சேர்க்கிறார்கள். ஆகவே அரை மதிப்பெண் என்பது இயற்பியலிலோ வேதியியலிலோ போன ஒரே ஒரு மதிப்பெண். பதினைந்து ஒரு மதிப்பெண் வினாக்களில் ஒன்றில் அவள் தவறான விடையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். மூன்று மதிப்பெண் கணக்கில் விடையை எழுதி, அலகை எழுத மறந்திருக்கலாம். இதுவரைக்கும் அது அவள் கையில் இருந்தது.

ஆனால் எழுத்துத் தேர்வு 70க்குத்தான். மீதி 30இல் 20 செய்முறைத் தேர்வுக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. அகமதிப்பீட்டில் வருகைப் பதிவுக்கும் பங்கு இருக்கிறது. அம்மா நாற்று நடப் போன நாள்களில் கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்ணுக்கு அங்கே ஒரு மதிப்பெண் போகும். ஓம் விதியைக் கரும்பலகையில் மட்டுமே பார்த்து, தேர்வன்றுதான் மின்கம்பியைத் தொட்டுப் பார்க்கும் பையனுக்குச் செய்முறையில் இன்னொன்று போகும். மூன்று பாட ஆசிரியர்களின் வேலையை ஒருவரே இழுக்கும் பள்ளியில், கடைசிப் பாடம் நடத்தாமலே தேர்வு வந்துவிடும். அங்கே போவது எத்தனை என்று யாரும் எண்ணுவதுகூட இல்லை.

இதற்கும் பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம். கோடை வெயிலில் கட்டுக் கட்டாகத் தாள்களைத் திருத்தும் ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; அந்த வேலையின் சுமை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் விடைத்தாள் நகல் வாங்குகிறார்கள், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண் பட்டியலை அரசுத் தேர்வுகள் இயக்ககமே வெளியிடுகிறது. பணம் கட்டி விண்ணப்பிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் மட்டும் மாறாமலே நிற்கிறது. அது மட்டுமா? இரண்டு பேரின் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் கணிதம், இயற்பியல் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரை போய், பிறந்த தேதியைப் பார்த்து, அப்போதும் தீராவிட்டால் கணினி கொடுத்த பத்து இலக்க ரேண்டம் எண்ணை வைத்து முடிவு செய்கிறார்கள். பிறந்த தேதியில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதில் யாருடைய உழைப்பும் இல்லை. யாரும் அதை அநீதி என்று எனக்குக் கடிதம் எழுதியதும் இல்லை.

2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று கூட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலை வைத்துக் கலந்தாய்வும் நடந்தது. அன்று முதல் வரிசையில் நின்ற பிள்ளைகளும் இன்று பொறியாளர்கள்தான்.

தரவரிசைப் பட்டியலே வேண்டாம் என்பவன் அல்ல நான். சிபாரிசுக் கடிதத்தோடு அமைச்சர் வீட்டு வாசலில் நிற்காமல், கூலித் தொழிலாளியின் மகளும் தனக்குப் பிடித்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. அதைக் கட்டிக் காக்க வேண்டும். நான் மறுப்பதெல்லாம், அரை மதிப்பெண் உயரத்தில் நிற்கும் பிள்ளை அறிவாளி, அதற்குக் கீழே நிற்பது இரண்டாந்தரம் என்னும் எண்ணத்தைத்தான்.

மதிப்பெண் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் என் பழைய சண்டையை எடுக்காமல் இருக்க முடியவில்லை. பிளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்பப் புகட்டிய விடுதிப் பள்ளிகள் இருந்தன. எல்லோருக்கும் தெரியும், யாரும் தடுக்கவில்லை. ஒரே தேர்வுக்கு ஒருவர் இரண்டு ஆண்டும் மற்றவர் ஓர் ஆண்டும் படித்தார்கள், பட்டியலோ ஒன்றுதான். இதற்குக் கடிவாளம் போடத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்த்து 1,200க்குப் பட்டியல் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே பின்வாங்கி, பிளஸ் டூவின் 600 போதும் என்றார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வும் போய்விட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும் என்கிறார்கள். குறையட்டும், மகிழ்ச்சி. ஆனால் பழைய கடை திரும்பவும் திறக்காமல் இருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள்? பிளஸ் ஒன் வகுப்பறைகளுக்குள் அதிகாரிகள் போய்ப் பார்க்கிறார்களா? பதில் வரும் வரை இதே பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இனி, "அந்தக் காலம்". எந்தக் காலம் ஐயா? பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்றொரு வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு அப்போது பாடங்களுக்கு 200 மதிப்பெண், நேர்காணலுக்கு 75. விளையாட்டு, சமூகப் பணி, உடல் வலு, பொது ஆற்றல், நாட்டம் என்று பார்த்து அந்த 75ஐப் போட்டார்கள். கல்லூரிகளைப் பல அலகுகளாகப் பிரித்து ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனித் தேர்வுக் குழு. ஒரு குழு நிராகரித்த மதிப்பெண்ணோடு இன்னொரு குழுவில் இடம் கிடைக்கும். 275க்கு 75 என்பது அதிகமாகவே தெரிகிறது என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. அலகுவாரித் தேர்வையும் ஏற்கவில்லை. நேர்காணல் அறைக்குள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேள்வியின் ஆங்கிலம் புரியாமல் விழித்த கிராமத்துப் பையனுக்கு அந்த 75இல் எவ்வளவு கிடைத்திருக்கும்? பின்னாளில் 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. கூடவே நகரங்களில் பயிற்சி மையங்களும் பெருகின. 2007இல் சட்டம் போட்டு அதை ஒழித்தோம். நீங்கள் சொல்லும் அந்தத் தூய காலத்தை நான் எவ்வளவு தேடியும் காணவில்லை.

அமெரிக்காவிலும் இதே வழக்குதான். நிறத்தையும் இனத்தையும் கணக்கில் எடுக்கும் சேர்க்கை முறையை 2023இல் அங்கே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வட கரோலைனா பல்கலைக்கழகம் என்னும் அரசுப் பல்கலைக்கழகமும் அந்த வழக்கில் உண்டு. டெக்ஸாஸ் மாநிலமோ அதற்கு வெகு முன்பே, 1997இல், வேறொரு வழி கண்டது. எந்தப் பள்ளியானாலும் சரி, அந்தப் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்த பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஆஸ்டின் வளாகத்தில் நெருக்கடி கூடி, அங்கே மட்டும் பிற்பாடு அந்தச் சதவீதத்தைக் குறைத்தார்கள். ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களோடு ஒரு பிள்ளையை ஒப்பிடுவது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. ஒழுகும் கூரையின் கீழே படித்து முதலாவதாக வந்தவளிடம் இருக்கும் முனைப்பை எந்த கட்-ஆஃப் காட்டும்?

நம் 7.5 சதவீதமும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் போகிறது. நீதிபதி முருகேசன் ஆணையம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்கள் எவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்ன பிறகு, 2021இல் சட்டம் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அறுபது பேர் வகுப்பில் நாலோ ஐந்தோ இடம். அதுவும் அந்தந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள்ளேயே. நீங்கள் சுட்டிக்காட்டும் மாணவர் உங்கள் மகளின் பிரிவைச் சேர்ந்தவர்தானா என்று பார்த்தீர்களா? உங்கள் மகளுக்கு முன்னால் ஒரே ஒரு மதிப்பெண் கூடுதலாகப் பெற்று நின்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினீர்களா? அவர்களை விட்டுவிட்டு அரசுப் பள்ளிப் பையனை மட்டும் உங்கள் கண் தேடிப் பிடித்ததில்தான் எனக்கு வருத்தம்.

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, இன்று கிண்டியில் இருக்கும் அந்தக் கல்லூரி மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. பாலமும் மின்நிலையமும் மென்பொருளும் யாருக்காக என்று பேசும்போது, விசைத்தறிக்காரர் மகனும் மீனவர் மகளும் அந்த வகுப்பில் இருந்தால்தான் பேச்சு முழுமையாகும். பன்மை என்று நான் எழுதுவது இதைத்தான். அது அந்தப் பையனுக்குப் போடும் பிச்சை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கும் அதில் லாபம் இருக்கிறது.

உங்கள் மகள் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியையோ காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரியையோ பார்த்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த மதிப்பெண்ணுக்கு அவை நல்ல இடங்கள். கணினி அறிவியல்தான் வேண்டும் என்று அவளே சொன்னாளா, வீட்டில் முடிவு செய்தீர்களா என்பதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இந்த ஒதுக்கீட்டின்மேல் கோபப்பட எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளை ஏன் வெளியே நிறுத்தினார்கள்? பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் மிஷன் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை அரசுப் பள்ளிப் பிள்ளையைப் போலவே ஏழை. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. பாடப்புத்தகமும் சத்துணவும் அரசு. காலை உணவுத் திட்டத்தை 2024இல் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். அதே ஆண்டு இறுதியில் புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயையும் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்குக் கொடுத்தார்கள். உணவுக்கும் உதவித்தொகைக்கும் சமமாகத் தெரிந்த பிள்ளை, கல்லூரி வாசலில் மட்டும் எப்படி வேறாகிப்போனது? 7.5ஐக் கொஞ்சம் உயர்த்தி அவர்களையும் உள்ளே கொண்டுவர வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கு அதில் ஓர் இடம்கூடக் குறையக் கூடாது. சட்டத் திருத்தத்தை அடுத்த கலந்தாய்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.