சேமிப்பை முதல் வருடமே கரைத்துவிடாதீர்கள்

கேள்வி: நான் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி ஒன்றில் நான்கு வருடம் ஸ்பீச் தெரபி உதவியாளராக வேலை பார்த்துவிட்டு, 2026 ஆகஸ்டில் அதே துறையில் மாஸ்டர்ஸ் சேர்கிறேன். இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் 46,000 டாலர். கையில் 22,000 டாலர் சேமிப்பு இருக்கிறது. அக்கா வீட்டில் தங்குவதால் மாதச் செலவு 900 டாலர்தான். முதல் வருடக் கட்டணத்தைச் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டு, இரண்டாம் வருடத்துக்கு மட்டும் கடன் வாங்கினால் வட்டி மிச்சமாகும் இல்லையா?

பதில்: வட்டி மிச்சமாகும், உண்மைதான். ஆனால் இரண்டாம் வருடம் மாட்டிக்கொள்வீர்கள்.

மாஸ்டர்ஸ் படிப்புக்கு மத்திய அரசு தரும் கடன் வருடத்துக்கு 20,500 டாலர் வரைதான். இந்த வருடம் வாங்காமல் விட்டதை அடுத்த வருடம் சேர்த்துக் கேட்க முடியாது. உங்கள் திட்டப்படி போனால், இரண்டாம் வருடம் கட்டணம் 23,000, கடன் 20,500, கையில் எதுவும் இருக்காது. முன்பு இந்தப் பள்ளத்தை நிரப்ப கிராட் பிளஸ் என்ற இன்னொரு அரசுக் கடன் இருந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. மிஞ்சுவது தனியார் கடன். அதற்குப் பெரும்பாலும் அக்காவோ அப்பாவோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டி வரும்.

அதனால் இரண்டு வருடமும் அரசுக் கடனை முழுதாக வாங்குங்கள். 41,000 கிடைக்கும், கட்டணத்துக்கு இன்னும் 5,000 வேண்டும். 24 மாதச் செலவு 21,600. ஆக உங்களுக்குத் தேவை 26,600, இருப்பது 22,000. கடன் தரும்போதே பிடிக்கும் சுமார் ஒரு சதவீதத்தையும் சேர்த்தால் 5,000 டாலர் அளவுக்குத் துண்டு விழும். அதை முதல் வருடத்திலேயே சம்பாதித்துவிடப் பாருங்கள். நீங்கள் சேரும் பல்கலைக்கழகத் துறையிலேயே மாணவர் உதவியாளர் வேலை கிடைக்குமா என்று இப்போதே கேளுங்கள், சில இடங்களில் அதற்காகக் கட்டணத்தையும் குறைப்பார்கள்.

ஏன் முதல் வருடம்? அப்புறம் நேரம் இருக்காது. ஆஷா (அமெரிக்க ஸ்பீச் தெரபிஸ்ட்களின் சங்கம்) தரும் சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும்: 25 மணி பார்வையிடல், 375 மணி நோயாளியுடன் நேரடியாக. ரிப்போர்ட் எழுதும் நேரமும் கார் ஓட்டும் நேரமும் அந்த 375-இல் சேராது. மருத்துவமனை, பள்ளி என்று வெளியிடங்களில் செய்யும் பயிற்சி தொடங்கிவிட்டால் அது முழுநேர வேலை மாதிரிதான், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். கட்டணமும் நீங்கள்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனபோது, தினமும் வந்தது உங்களைப் போல ஸ்பீச் தெரபி படிக்கும் ஒரு பயிற்சி மாணவிதான்; விழுங்கப் பழக்குவதும் அவர்கள் வேலைதான். தண்ணீரில் கெட்டியாக்கும் பொடியைக் கலக்கி, கரண்டியைச் சாய்த்து அது எப்படி வழிகிறது என்று பார்ப்பார். அரைக் கரண்டி கொடுத்துவிட்டு அப்பாவின் தொண்டையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். ஒருமுறை கார் பழுதாகி ஒரு வாரம் அவரால் வர முடியவில்லை. ரிப்பேருக்குக் கையில் பணம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் 22,000-ஐக் கையில் வைத்திருக்கச் சொல்வது இந்த மாதிரி வாரங்களுக்காகத்தான்.

இதற்கு விலை உண்டு. இந்தக் கடனுக்குப் படிக்கும்போதே வட்டி ஓடும். 2025–26 விகிதமான 7.94 சதவீதத்தில் கணக்குப் போட்டால் 20,500-க்கு ஓராண்டு வட்டி சுமார் 1,630 டாலர். சேமிப்பை நல்ல வட்டி தரும் கணக்கில் போட்டால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். உதவித்தொகை ஏதாவது கிடைத்துக் கடன் கூடுதலாகிவிட்டால், பணம் வந்த 120 நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள், அந்தத் தொகைக்கு வட்டியும் பிடித்தமும் கிடையாது.

ஃபாஃப்சா படிவத்தை, அதாவது அரசுக் கடனுக்கான விண்ணப்பத்தை, உடனே நிரப்புங்கள். மாஸ்டர்ஸ் மாணவர் என்பதால் பெற்றோர் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள்.

படிப்பு முடிந்ததும் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் ஃபெலோஷிப், அதாவது சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு, ஆனால் தற்காலிக உரிமம் வந்து முதல் சம்பளம் கைக்கு வரச் சில வாரம் ஆகலாம். இரண்டு மாதச் செலவு, 1,800 டாலரை, அதற்கென்றே தனியாக ஒதுக்கி வையுங்கள். மறுபடி அரசுப் பள்ளியிலேயே வேலைக்குச் சேர்ந்தால், தகுதியான 120 மாதத் தவணைகளுக்குப் பிறகு மீதிக் கடன் தள்ளுபடியாக வழி இருக்கிறது. குறைந்த வட்டி என்று தனியார் வங்கி கூப்பிட்டுக் கடனை மாற்றச் சொன்னால், பள்ளி வேலையா இல்லையா என்று முடிவு செய்யும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். ஒருமுறை மாற்றிவிட்டால் அந்தத் தள்ளுபடி கிடைக்காது.