3.386 × 10⁻⁸ ஃபாரட்: கடையில் எப்படிக் கேட்பது?

கேள்வி: டிப்ளமா இரண்டாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். 4.7 கிலோஓம் ரெசிஸ்டரை வைத்து, 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அதிர்வெண்களை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர் ஒன்று செய்யச் சொன்னார்கள். கெப்பாசிட்டர் மதிப்பு 3.386 × 10⁻⁸ ஃபாரட் என்று வந்தது. ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுதினேன். "கடையில் போய் இப்படித்தான் கேட்பியா?" என்று சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். நானோவா, மைக்ரோவா, புள்ளியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று ஒவ்வொரு முறையும் குழப்பம். கடைக்காரர் கொடுத்த கெப்பாசிட்டரில் 333 என்று இருக்கிறது. அது சரிதானா?

பதில்: கெப்பாசிட்டர் சரிதான், கவலை வேண்டாம். ஏன் சரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கணக்கில் தப்பு இல்லை. 10⁻⁸ என்ற படிக்குப் பெயர் கிடையாது என்பதுதான் சிக்கல். எலக்ட்ரானிக்ஸில் புழங்கும் பெயர்கள் மூன்று மூன்று படிகளுக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. கீழே போனால் மில்லி −3, மைக்ரோ −6, நானோ −9, பிக்கோ −12. மேலே கிலோ 3, மெகா 6, கிகா 9, டெரா 12. சென்டி, டெசி எல்லாம் உண்டு என்றாலும் 'சென்டிஃபாரட்' என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 2022 நவம்பரில் ரோன்னா, குவெட்டா, ரோன்டோ, குவெக்டோ என்று இன்னும் நான்கைச் சேர்த்தார்கள். உங்கள் லேபில் அவற்றுக்கு வேலை இல்லை.

ஆக, அடுக்கை, அதாவது பத்தின் தலைமேல் இருக்கும் எண்ணை, மூன்றின் மடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். எப்போதும் கீழே இருக்கும் மடங்குக்கே இறங்குங்கள். −8-க்குக் கீழே −9. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 8-ஐவிடச் சின்னது 6 என்று −6-க்குப் போய்விடுவார்கள். மைனஸ் பக்கத்தில் −6 என்பது மேலே இருக்கிறது.

சரி, புள்ளி எந்தப் பக்கம்? கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். அடுக்கு ஒரு படி இறங்கியது, அதனால் முன்னால் உள்ள எண் பத்து மடங்கு ஏறும். 3.386 × 10⁻⁸ என்பது 33.86 × 10⁻⁹, அதாவது 33.86 நானோஃபாரட். கீழ் மடங்குக்கே இறங்கினால் முன்னால் வரும் எண் எப்போதும் 1-க்கும் 1000-க்கும் நடுவில் விழும். 0.33 என்றோ 3386 என்றோ வந்தால் எங்கோ வழுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். 0.03386 மைக்ரோஃபாரட் என்று எழுதினாலும் மதிப்பு அதேதான், படிக்கத்தான் சிரமம்.

மேல்பக்கத்தில் நமக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. நாம் எண்ணிப் பழகியது லட்சம், கோடி. அவை 10⁵, 10⁷. இரண்டுமே மூன்றின் மடங்கு இல்லை. பத்து லட்சம்தான் மெகா, நூறு கோடி கிகா, லட்சம் கோடி டெரா. கூடங்குளத்தில் ஓர் உலையின் திறன் 1000 மெகாவாட். அதாவது நூறு கோடி வாட், ஒரு கிகாவாட். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கால்குலேட்டரில் 'ஈஎன்ஜி' என்றொரு பொத்தான் இருக்கும். விடை வந்தபின் அதை அழுத்தினால் 33.86 × 10⁻⁹ என்று அதுவே மாற்றித் தரும். இன்னொரு முறை அழுத்தினால் −12-க்குப் போய்விடும், ஒரு தடவையோடு நிறுத்துங்கள். அடுக்கைப் போடும் 'இஎக்ஸ்பி' பொத்தானிலும் ஒரு பொறி இருக்கிறது. அதற்குள்ளேயே 'பெருக்கல் பத்து' அடங்கியிருக்கிறது. 10⁻⁸ வேண்டுமென்று 10 அடித்து அந்தப் பொத்தானையும் −8-ஐயும் போட்டால் கிடைப்பது 10⁻⁷. 1 என்றுதான் அடிக்க வேண்டும். நானும் படிக்கும்போது ஒரு செய்முறைத் தேர்வு முழுவதும் இந்தத் தப்பைச் செய்து, எல்லா விடையும் பத்து மடங்காக வந்து விழித்திருக்கிறேன்.

வர்க்கம் வரும் அலகுகளில் மட்டும் நிதானம் தேவை. வீட்டு வயரிங்குக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் வாங்குகிறோம். மில்லி என்றால் −3 என்று அதை 1.5 × 10⁻³ சதுர மீட்டர் என எழுதிவிடாதீர்கள். மில்லியும் சேர்ந்தே வர்க்கமாகிறது, அதனால் 1.5 × 10⁻⁶. எடையிலும் ஒன்று: கிலோகிராமுக்கு ஏற்கெனவே 'கிலோ' என்ற முன்னொட்டு இருப்பதால் அதன்மேல் இன்னொன்றைப் போட முடியாது. 4 × 10⁻⁷ கிலோகிராம் என்றால் முதலில் கிராமாக்குங்கள்: 4 × 10⁻⁴. கீழ் மடங்கு −6, ஆக 400 மைக்ரோகிராம்.

எழுத்தில் பெரிய எம் மெகா, சின்ன எம் மில்லி. இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு வித்தியாசம். ஆனால் ஃபேன் கெப்பாசிட்டரில் 2.5 எம்எஃப்டி என்று இருப்பது மெகாவும் இல்லை, மில்லியும் இல்லை, மைக்ரோஃபாரட்! பழைய வழக்கம், இன்னும் போகவில்லை.

இப்போது அந்த 333. முதல் இரண்டு இலக்கம் எண், மூன்றாவது எத்தனை சுழியம் என்பது, அலகு பிக்கோஃபாரட். 33-க்குப் பின் மூன்று சுழியம் போட்டால் 33,000 பிக்கோ, அதாவது 33 நானோ. 33.86 என்று கடையில் தனியாகக் கிடைக்காது. பக்கத்தில் கிடைக்கும் மதிப்பு 33-தான். அதைப் போட்டால் வெட்டும் அதிர்வெண் சுமார் 1026 ஹெர்ட்ஸ். 333-க்குப் பக்கத்தில் 'கே' என்ற எழுத்து இருந்தால் 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், 29.7 முதல் 36.3 நானோ வரை. ரெக்கார்டில் 'கணக்கிட்டது 33.86 நானோஃபாரட், பயன்படுத்தியது 33 நானோஃபாரட்' என்று இரண்டையும் எழுதுங்கள்.